தலைக்குள்ளே ஓடும் சாலைகள்

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் நம்முடைய பாட்டனார் காலத்து ஜனங்களுக்கு நினைவு வந்தது ஒரே விஷயந்தான்: 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமானுஜர் பிறந்த ஊர். இன்று அதே பெயரைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் மோட்டார் வண்டியைப் பற்றியும் கைத்தொலைபேசியைப் பற்றியும் பேச ஆரம்பித்து விடுகிறார்கள். அவர்கள் பேரில் குற்றம் சொல்வதற்கில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஒரகடத்தில் 2010-ல் ரெனோ, நிஸான் கார்கள். 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகள். 2013-ல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த பூமி இப்போது மூன்று ஷிப்டு சங்குகளை நம்பியிருக்கிறது.

அந்தத் தொழிற்சாலைகளில் நாம் அவசியம் கவனிக்க வேண்டிய ஒரு பொருள் உண்டு. எஞ்சின் அல்ல, பளபளக்கும் தகடும் அல்ல. தகடுகள் மூடப்படுவதற்கு முன்னால் வண்டியின் உடம்புக்குள் படுக்க வைக்கப்படும் ஒயர் கட்டுதான் அது. ஒரு சாதாரணக் காருக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பி ஓடுகிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று உறை போர்த்த கம்பிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து நாடா சுற்றி, இந்தக் கிளை விளக்குக்கு, இந்தக் கிளை கதவுக்கு, இது பிரேக்குக்கு என்று பிரித்து விடுகிறார்கள். எஞ்சின் நன்றாயிருக்கலாம், விளக்கும் புத்தம் புதியதாயிருக்கலாம். நடுவில் ஒரு கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. பழுது பார்க்கும் மெக்கானிக் விளக்கைக் கழற்றிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அவனுக்கு வேண்டியது கம்பிகள் போகும் வழியைக் காட்டும் படம்.

மனிதனுடைய மூளைக்கு அப்படி ஒரு படம் உண்டா என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி. கேள்வி சுலபம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக உலகத்து அறிஞர்கள் இதற்குப் பதில் தேடி வருகிறார்கள் என்றாலும், முழுப் பதில் இன்னும் கிடைத்த பாடில்லை. சமீபத்தில் அந்தத் தேட்டத்தில் நம் சென்னைப் பட்டணமும் சேர்ந்துகொண்டது. இந்த ஸ்ரீபெரும்புதூர் வழித்தடத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் வளைத்துப் பேசுகிறோம்.

மூளையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். ஓரத்தில் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறம், அதற்குள்ளே வெண்மை. சிந்திப்பது, தீர்மானிப்பது, நினைவு வைப்பது என்று நாம் சொல்லும் காரியங்களுக்கு உரிய நரம்பு அணுக்கள் பெரும்பாலும் சாம்பல் பகுதியில் குடியிருக்கின்றன. வெண்பகுதியில் இருப்பவை அந்த அணுக்களிலிருந்து புறப்பட்டு ஓடும் மெல்லிய இழைகள். ஒவ்வோர் இழையையும் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்தியிருக்கிறது. வெண்மைக்குக் காரணம் அந்தக் கொழுப்புத்தான். உறையில்லாத இழையில் செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து போகும். நல்ல தடித்த உறையிட்ட இழையிலோ விநாடிக்கு நூறு மீட்டர்கூடப் பறக்கும். மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது அதிகம்.

அந்த இழைகளின் நீளத்தைக் கேட்டால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: இருபது வயது வாலிபனின் மூளையிலுள்ள உறையிட்ட இழைகளையெல்லாம் முனைக்கு முனை சேர்த்தால் சுமார் 1,76,000 கிலோமீட்டர். பெண்ணுக்கு 1,49,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண் நேயர்கள் உடனே மீசையை முறுக்க வேண்டியதில்லை. உடம்பு பெரிதானால் தலையும் பெரிது, தலை பெரிதானால் கம்பியும் நீளம் என்பதற்கு மேல் இதில் பெருமை ஒன்றும் கிடையாது. அதோடு, எண்பது வயதுக்குள் ஏறக்குறையப் பாதி நீளம் இரு பாலாருக்கும் குறைந்துபோகிறது என்றும் அதே டென்மார்க்குக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் காட்டுக்குள் வழி கண்டுபிடிப்பது எப்படி? 1665-ல் பாரிஸ் நகரில் ஸ்டெனோ என்ற அறிஞர் ஒரு பிரசங்கம் செய்தார். மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்து, மற்றவர்களுக்கும் தெரியாது என்று நிரூபித்த அபூர்வமான பிரசங்கம் அது. வெண்பொருளில் ஒவ்வோர் இழையாகப் பற்றிக்கொண்டு அது எங்கே போகிறது என்று பின்தொடர்வதே உண்மையான வழி என்றும், அது மிகக் கடினம் என்றும் அவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, ஆனால் யாராலும் செய்து முடிக்கவும் முடியவில்லை. மூளை பச்சையாக இருக்கும்போது கெட்டித் தயிரைப் போலிருக்கும். தயிரிலிருந்து நூல் பிரிக்க முடியுமா?

இதற்கு ஒரு நல்ல உபாயம் 1930-களில் ஸ்விட்ஸர்லாந்தில், பாஸல் நகரத்தில் பிறந்தது. கண்டவர் பெரிய பேராசிரியர் அல்லர். உடற்கூறு சாலையில் மாதிரிகளைத் தயார் செய்து கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்த யோசேப் கிளிங்லர் என்பவர். அவர் மூளையை ஃபார்மலின் திரவத்தில் ஊறப் போட்டார்; பிறகு பனிக்கட்டியாக உறைய வைத்தார். நீர் உறையும்போது பருக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். இழைகளுக்கு நடுவிலிருந்த ஈரம் பனியாகிப் பருத்தவுடன் அவை ஒன்றைவிட்டு ஒன்று தாமே விலகின. உருக வைத்த பிறகு ஒரு மரச் சிம்பைக் கொண்டு, வாழைப்பட்டையிலிருந்து நார் கிழிப்பதுபோல, கற்றை கற்றையாக உரித்தெடுத்தார். இன்றும் மூளை அறுவைப் பயிற்சி பெறும் டாக்டர்கள் கிளிங்லர் முறையில் நார் உரிக்கிறார்கள். கையும் பொறுமையும் இருந்தால் போதும். கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம். நம் தேசத்து வைத்தியக் கல்லூரிகளில் இது இன்னும் அதிகமாக நடைபெற வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

வேறொரு வழி இருந்தது. ஜெர்மனியில் வைகர்ட் என்பவர் 1884-ல் மயலின் உறையை மட்டும் கறுப்பாக்கும் சாயம் ஒன்றைக் கண்டார். லைப்ஸிக் நகரத்துப் பிளெக்ஸிக் என்பவருடைய யுக்தி இன்னும் சாமர்த்தியமானது. குழந்தை பிறக்கும்போது எல்லா இழைகளுக்கும் உறை போட்டு முடிந்திருப்பதில்லை. ஒரு பாதைக்கு முன்னாலும் மற்றொரு பாதைக்குப் பின்னாலுமாக அது நடக்கிறது. ஆகவே வெவ்வேறு வயதில் இறந்துபோன சிசுக்களின் மூளைகளைப் பார்த்தால், அன்றைக்கு உறை போட்டிருக்கும் பாதை மட்டும் தனியாகத் தெரியும். நெருங்கிய காட்டில் ஒவ்வொரு ஜாதி மரமும் தனித்தனி மாதத்தில் பூத்தால் எண்ணுவது எளிதல்லவா? அதைப் போல. புருவ மத்தியின் பின்னே இருக்கும் முன்பகுதிக்கு உறை போட்டு முடிவது வாலிபம் கடந்து இருபதுகளில்தான் என்று இப்போது தெரிந்திருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் அவசர புத்தியைக் கண்டு மனம் வருந்தும் தகப்பனார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, இந்தப் படம் யாருக்கு வேண்டும்? அறிஞர்களின் ஆசைக்கு மட்டுமா என்று கேட்கலாம். மறுபடியும் ஒரகடம் சாலைக்கே போவோம்.

ஷிப்டு முடியும் வேளையில் அந்தச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. கண்டெய்னர் லாரிகள், கம்பெனிப் பஸ்கள், இவற்றுக்கு நடுவில் இரவு முழுதும் கண் விழித்த இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில். விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மண்டையோடு உடையவில்லை. ஸி.டி. படத்தில் பெரிய ரத்தக் கட்டு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் கண் திறக்கவில்லை. உறவினர்கள் டாக்டரைச் சுற்றி நின்று, "படத்தில் ஒன்றுமில்லை என்கிறீர்களே, பையன் ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்கிறார்கள்.

1956-ல் இங்கிலாந்தில் ஸபினா ஸ்ட்ரிக் என்ற பெண் டாக்டர் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினார். தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலோ புத்தி தெளியாமலோ பல மாதங்கள் கிடந்து இறந்தவர்களின் மூளைகளை அவர் சோதித்தார். வெளிப்பார்வைக்குச் சாம்பல் பகுதியில் பெரிய சேதம் இல்லை. வெண்பகுதியிலோ எங்கு பார்த்தாலும் இழைகள் அறுந்து அழிந்திருந்தன. காரணம் இதுதான்: வேகமாகப் போகும் தலை திடீரென்று நிற்கும்போது, அதிலும் சுழன்று நிற்கும்போது, உள்ளேயிருக்கும் மிருதுவான மூளையின் பகுதிகள் ஒரே சமயத்தில் நிற்பதில்லை. ஒரு படிவம் நிற்க, இன்னொன்று நகர, நடுவில் ஓடும் இழைகள் இழுபடுகின்றன. பெரும்பாலானவை அந்த விநாடியிலேயே அறுவதில்லை என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். இழுபட்ட இடத்தில் இழைக்குள்ளே நடக்கும் போக்குவரத்துத் தடைப்பட்டு, அது வீங்கி, சில மணி நேரமோ சில நாளோ கழித்து முறிகிறது.

உயிர் பிழைத்து வீடு திரும்புகிறவர்களுடைய கதை சில சமயம் இன்னும் துயரமானது. கை கால் சரியாக இருக்கிறது, சாப்பிடுகிறான், பேசுகிறான். ஆனால் பழைய மனிதன் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது. சிறு விஷயத்துக்கும் கோபம் வருகிறது. இரண்டு காரியத்தை ஒரே சமயத்தில் கவனிக்க முடியவில்லை. ஓடுகிற தொழிற்சாலை வரிசையில் நிற்க அது போதாது. வீட்டில் சோம்பல் என்கிறார்கள். மாமியார் வீட்டில் திமிர் என்கிறார்கள். மந்திரிப்பவரிடம் அழைத்துப் போகிறவர்களும் உண்டு. ஒயர் அறுந்த விளக்கைப் பார்த்து, "எரிய மனமில்லை" என்று சொல்வதற்கு ஒப்பான பேச்சு இது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, விபத்துக்கு ஆளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது மிகவும் போற்றத்தக்க காரியம். அந்த 48 மணிக்குப் பிறகு வரும் 48 மாதங்களைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டும். எந்தப் பாதை அறுந்தது, எது மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா எந்தப் பயிற்சி பலன் தரும் என்று சொல்ல முடியும்?

உயிரோடு இருக்கிற மனிதனின் தலையை உரித்துப் பார்க்க முடியாது. ஆகையால் விஞ்ஞானிகள் தண்ணீரைத் தூது அனுப்பினார்கள். நீர்த் துளியின் அணுக்கள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. தட்டில் விட்ட மைத்துளி நாலா பக்கமும் சமமாகப் பரவும். மூங்கில் கட்டின்மேல் ஊற்றினால் மூங்கிலின் நீளவாட்டில்தான் அதிகம் ஓடும். மூளையின் வெண்பொருளிலும் அப்படியே: நீர் இழையின் போக்கில் சுலபமாக நகர்கிறது, குறுக்கே நகரச் சிரமப்படுகிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் இந்த நகர்வை அளக்க முடியும் என்று 1980-களில் கண்டார்கள். 1994-ல் அமெரிக்காவில் பீட்டர் பாஸர் என்பவரும் அவருடைய சகாக்களும், அளந்ததிலிருந்து இழையின் திசையைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். அந்தத் திசைகளைப் புள்ளிக்குப் புள்ளி இணைத்துக் கோடு போட்டால் நரம்புப் பாதைகளின் படம் வந்துவிடுகிறது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக, காஞ்சிபுரத்துத் தறியில் பாவு ஓட்டினாற்போல, பார்க்கப் பரம சுந்தரமான படங்கள். 2010-ல் அமெரிக்கா ஒரு பெருந்திட்டம் வகுத்து, ஆரோக்கியமான சுமார் 1,200 பேரின் தலைகளை இவ்விதம் படம் பிடித்தது.

சுந்தரமாக இருப்பதெல்லாம் சத்தியமாக இருக்க வேண்டும் என்று விதியில்லை. இங்கேதான் வாசகர்கள் ஒரகடம் நாற்சந்தியை மனத்தில் கொண்டுவர வேண்டும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஆகாயத்தில் ஒரு பலூனில் உட்கார்ந்து, மேகத்தின் ஊடே மங்கலாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சந்திக்குள் நாலு திசையிலிருந்தும் வண்டிகள் நுழைகின்றன, நாலு திசையிலும் வெளியேறுகின்றன என்பது மட்டும் தெரிகிறது. வண்டலூரிலிருந்து வந்த பஸ் நேரே வாலாஜாபாத் போயிற்றா, திரும்பி ஸ்ரீபெரும்புதூர் போயிற்றா? மேலே பாலத்தில் போயிற்றா, கீழே போயிற்றா? சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனசதுரம். அந்தச் சிறு கட்டத்துக்குள் லட்சக்கணக்கான இழைகள் அடங்கியிருக்கின்றன. பெரும்பாலான கட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. கணக்குப் போடும் இயந்திரம் தைரியமாக ஏதோ ஒரு பக்கம் கோட்டைத் திருப்பி விடுகிறது.

இது எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பதை 2017-ல் ஒரு பரீட்சை வைத்தே பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்தார் முன்னின்று நடத்திய பரீட்சை அது. பாதைகள் இன்னின்னவை என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கற்பனை மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கணக்கில் தயார் செய்து, உலகத்திலுள்ள இருபது ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அதில் இருந்தவை 25 நரம்புக் கட்டுகள். குழுக்கள் 96 விடைகளை அனுப்பின. இருந்த கட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் இல்லாத கட்டுகளை அதைவிட அதிகமாகக் கண்டுபிடித்திருந்தார்கள்! பரீட்சை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். அந்தத் துறையில் பேர் பெற்றவர்கள். முடிவை மூடி மறைக்காமல் அவர்களும் சேர்ந்தே வெளியிட்டார்கள் என்பது விஞ்ஞானத்துக்குக் கௌரவம்.

ஆகவே, வெளியிலிருந்து வரையும் படத்தைச் சரி பார்க்க, உள்ளே இருப்பதைக் கண்ணால் கண்ட படம் ஒன்று வேண்டும். பூகோளப் படத்தை எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தாலும், சங்கிலி பிடித்துத் தரையை அளந்த சர்வேயரின் கணக்கோடு ஒத்துப் பார்க்கத்தானே வேண்டும்? முழு மனித மூளை ஒன்றை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒவ்வோர் ஏட்டையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, கம்ப்யூட்டரில் மறுபடியும் ஒன்றாக அடுக்க வேண்டும். 2013-ல் ஜெர்மனியரும் கனடாக்காரர்களும் சேர்ந்து, இறந்துபோன 65 வயது மாது ஒருவரின் மூளையை 7,404 ஏடுகளாகச் சீவி அப்படிச் செய்து காட்டினார்கள்.

நம் சென்னை இந்தக் களத்தில் இறங்கியது 2022-ல். கிண்டி வனத்தையொட்டிய ஐ.ஐ.டி. கலாசாலையில் அவ்வருஷம் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி நிலையம் துவக்கப்பட்டது. இன்போஸிஸ் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அதற்குக் கொடை அளித்தவர்களுள் முக்கியமானவர்; மத்திய அரசாங்கமும் உதவியது. நிலையத்தின் தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் ஒரு வைத்தியர் அல்லர். மின்சார எஞ்சினீயரிங் பேராசிரியர். நம் ஒயர் கட்டு உவமை அவ்வளவு அசந்தர்ப்பமானதல்ல என்று இதைக் கேட்ட பிறகு நமக்கே தைரியம் வந்தது.

2024 டிசம்பரில் அந்த நிலையத்தார் 'தரணி' என்ற படத் தொகுதியை உலகத்தின் முன் வைத்தார்கள். பிறவாத சிசுவின் மூளை அது. கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்து 24-வது வாரம் வரையில் வெவ்வேறு பருவத்தைச் சேர்ந்த ஐந்து மூளைகள். தலைமயிரைவிட மெல்லியதாகச் சீவிய 5,132 ஏடுகளின் படங்கள். ஒவ்வொரு நரம்பு அணுவும் தனியாகத் தெரியும்படியான நுட்பம். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் காலணாக் கொடுக்காமல் பார்க்கலாம். சென்னையிலுள்ள மெடிஸ்கேனும், தண்டலத்திலுள்ள சவீதா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இதற்கு வைத்தியத் துணையாக நின்றன. தண்டலம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா? பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டைக்குச் சற்று முன்னால். கார்களுக்கு ஒயர் பூட்டுகிற அதே சாலை ஓரத்தில், மனிதன் பிறக்கு முன் அவனுக்குள் இழை ஓடுகிற விதத்தைப் பார்ப்பதற்கும் கை கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தி வந்தபோது சில பத்திரிகைகள் 'மூளையின் இரகசியம் முழுதும் வெளிப்பட்டது' என்ற தோரணையில் எழுதின. தேசத்தின் பெருமையில் நாம் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். ஆனாலும் இது மிகையான பேச்சு. தரணி முக்கியமாக நரம்பு அணுக்களின் படம். அந்தப் பருவத்தில் பெருமூளையின் இழைகள் ஓடத் தொடங்கியிருக்குமே தவிர, மயலின் உறை இன்னும் போர்த்தப்பட்டிராது. வெண்பொருள் வெண்மையாவதற்கு முந்திய காலம். சாலைக்கு மண் வெட்டிக்கொண்டிருக்கும் நிலையில் எடுத்த படம் என்று சொல்லலாம். எந்த அணு எங்கே பிறந்து எவ்வழியாகத் தன் இடத்துக்குக் குடி போகிறது என்று அதில் பார்க்கலாம். குறை மாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு அதிகம் சேதப்படுவது இந்த வெண்பகுதிதான். ஆதலால் அவர்களைக் கவனிக்கும் வைத்தியர்களுக்கு ஆரோக்கியமான அமைப்பு இன்னது என்று தெரிவது பெரிய லாபம். வளர்ந்த மனிதனின் முழுப் பாதைப் படம் இனிமேல் வர வேண்டியது.

வந்தால் முதல் பயன் அறுவைச் சாலையில் தெரியும். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பகுதியை ஆரம்பித்தபோது, மண்டையைத் திறப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிப்பதற்கு அவரிடம் எக்ஸ்ரே படமும் தம் விரல் நுனி அநுபவமுந்தான் இருந்தன. இன்று கட்டியை எடுக்கும் டாக்டருக்கு எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறது, தண்ணீர் வரைந்த பாதைப் படமும் இருக்கிறது. ஆனாலும் பேச்சுக்குரிய பாதைக்கு அருகில் கத்தி போகும்போது அவர் அந்தப் படத்தை மட்டும் நம்புவதில்லை. நோயாளியை விழித்திருக்கச் செய்து, "இது என்ன? இந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று கேட்டுக்கொண்டே, மெல்லிய மின்சாரத்தால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் இது சாத்தியம். தொட்டவுடன் பேச்சுத் தடுமாறினால் கத்தி அங்கே நின்றுவிடும். ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி என்றால், ஒரு தாய் தன் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கூப்பிடாமல் இருப்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போது வெர்னிக்கே என்ற ஜெர்மானியரையும் சொல்ல வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று, பேசும் இடம் மற்றொன்று. இவற்றை இணைக்கும் பாதை மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்று 1874-ல் அவர் யோசித்தார். அந்த யோசனையிலிருந்து வைத்தியர்கள் ஒரு விசித்திரமான நோயை இனம் கண்டுகொண்டார்கள். அந்த நோயாளி பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வான்; தானாகவும் பேசுவான். "நான் சொல்வதைத் திருப்பிச் சொல்" என்றால் மட்டும் திண்டாடுவான். இது அந்த ஒரு பாதையால் மட்டும் வருவதல்ல, பக்கத்துச் சாம்பல் பகுதியும் காரணம் என்று இந்நாளில் பலர் வாதிக்கிறார்கள். விவாதம் தீராமல் இருப்பதற்குக் காரணமும் நல்ல பாதைப் படம் இல்லாமைதான்.

பாதைகள் ஒரு முறை போட்டதோடு முடிந்துவிடுவதில்லை என்பது இந்த ஆராய்ச்சியில் நம் மனத்தைக் குளிர்விக்கும் பகுதி. கொலம்பியா தேசத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஊர் திரும்பிய கொரில்லாப் போராளிகள் சிலர் பெரியவர்களான பிறகே எழுத்துக் கற்றார்கள். எழுத்தறியாத அவர்களுடைய தோழர்களோடு ஒப்பிட்டபோது, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தின் பின்பகுதியில் வெண்பொருள் கூடுதலாக இருந்தது என்று 2009-ல் வெளியிட்டார்கள். லக்னோவுக்கு அருகில் கிராமத்துப் பெண்களுக்கு ஆறு மாதம் ஹிந்தி எழுத்துக் கற்பித்துப் பார்த்த மற்றொரு ஆராய்ச்சி 2017-ல் வந்தது. அதில் அளந்தது இழைகளை அல்ல, மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பதை. அந்த மாறுதல் மூளையின் அடித்தண்டு வரை எட்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சீமையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் இரவு விளக்கடியில் அரிச்சுவடி படித்தபோது யாரும் எம்.ஆர்.ஐ. கொண்டுபோய் வைக்கவில்லை. வைத்திருந்தால் உலகத்துக்கு முதல் செய்தி நம்மிடமிருந்து போயிருக்கும்.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். ஏடு சீவும் இயந்திரத்தை வாங்கலாம், கம்ப்யூட்டரை அடுக்கலாம், மூளையை எங்கே வாங்குவது? யாராவது கொடுத்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் 2008-ல் அரசாங்கம் உறுப்பு தானத்தை ஒழுங்குபடுத்தியதிலிருந்து, விபத்தில் மூளைச் சாவு அடைந்தவர்களின் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் கொடுக்க எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் முன்வந்திருக்கின்றன. 2023 முதல் அப்படிக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெறுகிறது. இருதயத்தைக் கொடுத்த தாய்க்கு, எங்கேயோ ஒருவருடைய மார்பில் அது துடிக்கிறது என்ற ஆறுதல் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு மூளையைக் கொடுப்பவர்களுக்கு அந்த ஆறுதல் கிடையாது. தரணிக்குக் கிடைத்த ஐந்தும் வெளிச்சத்தைப் பாராத சிசுக்களுடையவை. அந்த ஐந்து தாய்மார்களுக்குத் தேசம் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுத முற்படும்போது நம் பேனா சற்றுத் தயங்குகிறது. அவர்கள் இழந்ததற்கு இந்த வார்த்தை ஈடாகாது.

பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் ஒரு மூளை வங்கி நடந்து வருகிறது. கொடுக்க விரும்புகிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். காலம் வந்தபோது சம்மதம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நேரமும் முக்கியம். மற்ற அவயவங்களைவிட மூளை சீக்கிரம் கெடும் என்பதால் சில மணி நேரத்துக்குள் எடுத்துக் குளிரிலோ திரவத்திலோ சேர்த்தாக வேண்டும். வீட்டுப் பெண்மணிகள் இவ்விஷயத்தில் கேட்கும் முதல் கேள்வி முகம் மாறிவிடுமா என்பதே. மாறாது. தலையின் பின்புறத்து மயிருக்குள் மறையும்படி தையலிட்டு, உடலைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். நெற்றியில் திருநீறோ திருமண்ணோ குங்குமமோ, அந்தந்தக் குடும்பத்து வழக்கப்படி இட்டுக்கொண்டு புறப்படுவதற்கு ஒரு தடையும் இல்லை.